வாயைத் திறந்து பாத்தியா மாப்ள?

வா மாப்ள, வா. வண்டியை அந்த வேப்பமரத்து நெழல்ல விடு. இன்னும் கொஞ்சம் தள்ளி விடு, காக்கா ஒக்கார்ற கெளைக்கு அடியில நிறுத்தாத, புது வண்டி. ஆங், போதும். ஒங்க அத்தை மோர் கொண்டாருவா, திண்ணையில ஒக்காரு. நான் பத்தரை பஸ்ஸுக்குக் கெளம்பிக்கிட்டு இருந்தேன். போகட்டும். மாப்ள இப்படி மூஞ்சியைத் தொங்கப்போட்டுக்கிட்டு வந்து நிக்கையில பஸ்ஸாவது ஒண்ணாவது.

கையில என்ன மஞ்சப்பை? அம்புட்டும் சிடியா? இருநூறு தட்டா! காலேசு படிக்கிற காலத்துலருந்து சேத்ததா? சரி, அதுக்கு எதுக்கு எழவு வீட்டுக்கு வந்தவன் மாதிரி நிக்கிற? என்னது, புது கார்ல சிடி போடுற எடமே இல்லையா?

அட கூத்தே. ஆனையை வாங்குனவன் அங்குசம் வைக்க எடமில்லேன்னு அழுவுறான்.

ஒங்க தாத்தா, அதான் எங்கப்பா, மணப்பாறைச் சந்தைக்கு மாடு வாங்கப் போவாரு. தரகன் துண்டுக்குள்ள கையை விட்டு வெரலைப் பிடிச்சு வெல பேசுறதெல்லாம் அப்பறம். மொதல்ல மாட்டோட வாயைப் பொளந்து பல்லை எண்ணுவாரு. ரெண்டு பல்லா, நாலு பல்லா, கடை சேந்துருச்சான்னு பாக்காம அவரு மடியிலருந்து காசு வெளிய வராது. அவரு பேரன் நீ, 14 லட்சம் எண்ணி வச்சிருக்க, வாயைத் திறந்து பாத்தியா? வேற என்னத்தைப் பாத்த? கூரையில தெறக்குற கண்ணாடி இருக்கான்னு பாத்தியாக்கும். ஊரே ஒழுகாத கூரைக்குத் தவங்கெடக்கு, நீ கூடக் காசு குடுத்து கூரையில ஓட்டை வாங்கிட்டு வந்திருக்க. அந்த ஓட்டையைத் தேடுனவன் கண்ணுக்குத் தட்டு போடுற ஓட்டை இல்லாதது தெரியலை. இப்ப ஒரு வாயில்லாப் பூச்சியை ஓட்டிக்கிட்டு வந்து எங்கிட்ட ஞாயம் கேக்குற.

சரி சரி, மோரைக் குடி.

ஒனக்கு மட்டும் நடந்த கொடுமைன்னு நெனைக்காத. 1974லருந்து ரேடியோ செட்டு கட்டிப் பொழைச்சவன் நான். கூம்புக் கொழாயைப் பனைமரத்து உச்சியில கட்டி நாலு ஊருக்குப் பாட்டுப் போட்டிருக்கேன். அம்புட்டுப் பெட்டியும் எங்கண்ணு முன்னாடி பொறந்து எங்கண்ணு முன்னாடியே பரணுக்குப் போனதுதான். காருக்குள்ள ரெக்கார்டு தட்டே ஓடியிருக்கு, தெரியுமா? பேரன் போன்ல காட்டுனான். 1956ல அமெரிக்காவுல கிரைஸ்லர் கம்பெனிக்காரய்ங்க டேஷ்போர்டுக்கு அடியில பிளேயர் மாட்டி வித்தாய்ங்க. ஏழு இஞ்சுத் தட்டு, நிமிசத்துக்குப் பதினாறே சொச்சம் சுத்து. நம்ம எல்.பி. சுத்துறதுல பாதி வேகம். ஒரு பக்கத்துக்கு முக்கா மணி நேரம் பாடும். ஆனா கேட்டுக்க, வீட்டுல நீ வச்சிருக்கிற தட்டு அதுல ஓடாது. அதுக்குன்னு தனியாத் தட்டு வாங்கணும். கொஞ்ச வருசத்துல கடையைச் சாத்திட்டாய்ங்க. பாத்தியா, ஒன் அழுகையை ஒருத்தன் அப்பவே அழுதுருக்கான்.

அப்பறம் 1963ல பிலிப்ஸ் கேசட்டைக் கொண்டாந்தான். நம்ம பக்கம் அது வந்து சேரப் பல வருசம் ஆச்சு. வந்தப்பறம் பாக்கணுமே! பேப்பர்ல பன்னெண்டு பாட்டு எழுதிக்கிட்டுப் போயி ரெக்கார்டிங் கடையில குடுத்தா, ரெண்டு நாள் கழிச்சு வாங்கிக்கன்னு சொல்லுவான். அறுபது நிமிசக் கேசட்டுக்கு ஒரு பக்கம் ஆறு பாட்டு. ஆறாவது பாட்டுல சரணம் பாதியில அறுந்துரும். இன்னைக்கும் அந்தப் பாட்டைக் கேட்டா அதே எடத்துல என் காது நின்னுக்கும், மேக்கொண்டு பாடுனா யாரோ அடுத்த வீட்டுக்காரன் பாடுற மாதிரி இருக்கும். அப்பறம் 1982ல சோனிக்காரன் ஜப்பான்ல ஒன் சிடித் தட்டுக்குப் பிளேயர் வித்தான். ரெண்டே வருசத்துல அது காருக்குள்ள ஏறிருச்சு. ஒரு முப்பது வருசம் ராசா மாதிரி ஒக்காந்திருந்துச்சு. இப்ப அது ஒக்காந்திருந்த எடத்துல டிவி மாதிரி ஒரு பலகை. குழியில வண்டி எறங்குனா அதுக்கு விக்கல் எடுக்காது, ஓடுற பல்லுச்சக்கரம் இல்ல, தூசி போனாலும் தும்மாது. அவய்ங்களுக்குச் செலவும் மிச்சம். அதான் வாயைத் தைச்சுட்டாய்ங்க.

நேத்து ராத்திரி என்ன பண்ணுன சொல்லு. லேப்டாப்புல தட்டைப் போட்டு, இருந்ததை எல்லாம் பென்டிரைவுக்கு இழுத்து விட்டியா? எம்புட்டு நேரம் ஆச்சு? தட்டுக்கு ஒரு நொடியா? அப்பக்கூட ஒனக்குச் சந்தேகம் வரலையே! ஒரு மூடை நெல்லை ஒத்தை வெரல்ல தூக்குறவன், மூடைக்குள்ள என்ன இருக்குன்னு பாக்க வேண்டாமா?

நீ எடுத்தது பாட்டு இல்ல மாப்ள, வெலாசம். பாட்டு சிடியைப் போட்டா விண்டோஸ்காரன் 'சிடிஏ'ன்னு வரிசையாக் காட்டுறான் பாரு, ஒவ்வொண்ணும் 44 பைட்டு. இன்ன தட்டுல இன்ன எடத்துல ஆரம்பிச்சு இம்புட்டு நேரம் ஓடும்னு எழுதுன துண்டுச்சீட்டு அது. கல்யாணப் பத்திரிகையை எடுத்துட்டு வந்து பந்தியில பொண்ணு எங்கேன்னு தேடுற கதையா, ரெண்டாயிரம் வெலாசத்தை வண்டிக்குள்ள சொருகிட்டு ஏன் பாடலைங்குற. ஐஞ்சு நிமிசப் பாட்டு ஒண்ணு சிடியில 50 எம்பிக்கு மேல இருக்கும். அதைச் செட்டு போட்டு உறிஞ்சி எடுக்கணும். அதுக்குப் பேரு ரிப் பண்றது. 'எக்ஸாக்ட் ஆடியோ காப்பி'ன்னு ஒரு சாஃப்ட்வேர் சும்மாவே கெடைக்குது. கீறல் விழுந்த எடத்தைத் திரும்பத் திரும்பப் படிச்சுப் பாக்கும், பொறுமைசாலி. பஸ் ஸ்டாண்டுல '150 சூப்பர் ஹிட்ஸ்'னு வாங்குன எம்பி3 தட்டு இருந்தா அது வேற சாதி, அதை அப்படியே இழுத்துப் போடலாம். ரெண்டையும் போட்டுக் கொழப்பிக்காத.

சும்மா கெடந்த நேரத்துல வேற என்னென்ன வாங்குன? பையோட அடியில ஏதோ முட்டுதே, எடு. ஓ, சிகரெட் பத்தவைக்கிற ஓட்டையில சொருகுற எஃப்எம் குச்சியா! இதை வாங்காத வீடு இல்ல. நம்ம பாட்டைக் குட்டி ரேடியோ ஸ்டேசன் மாதிரி இது ஒலிபரப்பும், கார் ரேடியோ பிடிக்கும். சென்னையில பாடியிருக்கும், இல்லேங்கலை. நீ வந்துருக்கிறது யாரோட மலையடிவாரத்துக்கு? கொடைக்கானல் மேல ஆகாசவாணி 100.5ல ஒக்காந்திருக்கான். மலை உச்சி, எறங்கி வர்ற சத்தத்துக்கு எல்லை கெடையாது. ஒன் குச்சியையும் அந்தப் பக்கமா வச்சிருந்தா, காதல் பாட்டு பல்லவி முடியுறதுக்குள்ள வாழைக்கு எம்புட்டு ஒரம் போடணும்னு ஒருத்தர் வந்து சொல்லிட்டுப் போவாரு. எனக்கு அதுவும் பிடிக்கும், அது வேற. ஆளே இல்லாத எண்ணாப் பாத்து வச்சாலும் அடுத்த ஊருக்குப் போனா அங்கன ஒரு ஆளு இருப்பான். நல்லதாப் போச்சு, அதை போன் சார்ஜ் ஏத்த வச்சுக்க.

புளூடூத்தா? அது பேரு எப்படி வந்துச்சு தெரியுமா? பத்தாம் நூத்தாண்டுல டென்மார்க்குல இருந்த ஒரு ராசாவுக்கு நீலப்பல்லன்னு பட்டப்பேரு. பிரிஞ்சு கெடந்ததை ஒண்ணாக்குனவர்னு அந்தப் பேரை வச்சாய்ங்களாம். பல்லு செவந்த நான் இருக்கையில நீலப்பல்லனைத் தேடிப் போயிருக்காய்ங்க. நல்ல சாமான்தான், கொறை சொல்லலை. பாட்டைக் கொஞ்சம் பிழிஞ்சுதான் அனுப்பும், ஓடுற வண்டியில ஒனக்கும் எனக்கும் அது தெரியப் போறதில்ல. ஆனா ஒண்ணு. நம்ம சொந்தக்காரப் பய ஒருத்தன், பேரு வேண்டாம், மாமியாரைப் பின் சீட்டுல ஒக்கார வச்சுக்கிட்டுத் திருச்செந்தூருக்குப் போயிருக்கான். முருகன் பாட்டு ஓடிக்கிட்டு இருக்கு. நடுவுல பொண்டாட்டி போன் போட்டா. வண்டி தானா எடுத்துக்கிச்சு. "எங்கம்மா தொணதொணப்பை எப்படிங்க தாங்குறீங்க"ன்னு நாலு ஸ்பீக்கர்லயும் கேட்டுச்சு. அதுக்கப்பறம் திருச்செந்தூரு வரைக்கும் பாட்டும் இல்ல பேச்சும் இல்ல.

காசு கட்டிக் கேக்குற ஆப்பு இருக்குதுங்கிறியா? இருக்கட்டும். அது குத்தகை நெலம் மாப்ள. பணம் கட்டுறதை நிறுத்துனா எறக்கி வச்ச பாட்டெல்லாம் அன்னைக்கே வெளியேறிரும். குமுளி மலையில ஏறயில செக்னலு போச்சுன்னா நடுச்சரணத்துல சுத்திக்கிட்டே நிக்கும். அதைவிட, நான் ஒரு பாட்டுக் கேட்டா அது எனக்கு என்ன பிடிக்கும்னு அதுவா முடிவு பண்ணி அடுத்ததைப் போடுது. நாப்பது வருசம் ஊருக்கே பாட்டுப் போட்டவனுக்கு அது பாட்டுப் போடுது. கேக்கலாமா இதை?

இன்னொரு ரோசனை ஒன் தலையில ஓடுறதும் எனக்குத் தெரியும். பலகையைக் கழட்டி எறிஞ்சுட்டு சிடி செட்டு மாட்டிரலாம்னுதானே? தொடாத. பழைய வண்டின்னா நாலு ஒயரு, நானே மாட்டிருவேன். இப்ப வர்ற பல வண்டியில ஏசியும் பின்னாடி பாக்குற கேமராவும் அந்தப் பலகை வழியாத்தான் ஓடுது. ஒயரை அறுத்தா வாரண்டியும் சேந்து அறுந்துரும். யூஎஸ்பியில மாட்டுற சிடி பெட்டியைக் கார்ல சொருகிப் பாக்கலாமான்னு கேக்காத. அந்த ஓட்டை பென்டிரைவைத் தேடுற ஓட்டை. சுத்துற தட்டைக் குடுத்தா பெரும்பாலான வண்டி யாரு நீன்னு கேக்கும். ஆனா அந்தப் பெட்டியை வாங்கு, லேப்டாப்புக்கு வேணும். ஒன் ஆபீசு லேப்டாப்புக்கும் வாய் இருக்காதே? நேத்து அடுத்த வீட்டுல இரவல் வாங்கித்தான் பண்ணுனியா? நெனைச்சேன்.

இப்ப காதைக் குடு.

தட்டைப் பாட்டாக்கும்போது ரெண்டு விதமா எடுக்கலாம். ஃபிளாக்னு ஒண்ணு, எம்பி3ன்னு ஒண்ணு. ஃபிளாக்குங்கிறது வெதை நெல்லு. சிடியில இருந்ததுல ஒரு மணி கொறையாது, எடம் மட்டும் பாதி அளவுக்கு அடங்கும். எம்பி3 அரைச்ச அரிசி. உமி போயிருச்சு, தவிடு போயிருச்சு, காது கேக்காதுன்னு நெனைச்சதை எல்லாம் பொடைச்சு எறிஞ்சுட்டாய்ங்க. சோறு பொங்க அரிசி போதும். ஆனா நெல்லுலருந்து எப்ப வேணா அரிசி ஆக்கலாம், அரிசியை மண்ணுல போட்டு நெல்லு மொளைக்க வச்சவன் எவனாவது உண்டா? அதனால வீட்டுல ஃபிளாக்கா எடுத்துப் பத்திரமா வை, ஒரு ஹார்டு டிஸ்க்குல, முடிஞ்சா இன்னொண்ணுலயும். அதுலருந்து எம்பி3 அரைச்சு வண்டிக்கு எடுத்துக்கிட்டுப் போ. தரத்தை 320 கேபிபிஎஸ்னு வச்சு அரை. ஐஞ்சு நிமிசப் பாட்டு 12 எம்பி வரும். ஒங்கிட்ட இருக்கிறது தட்டுக்குப் பத்துன்னு வச்சாலும் ரெண்டாயிரம் பாட்டு, 24 ஜிபி. 32 ஜிபி பென்டிரைவுல இந்த மஞ்சப்பை முழுக்க அடங்கி மிச்சமும் இருக்கும். 128ல அரைச்சா இன்னும் பாதிக்கும் கீழ சுருங்கும். ஆனா அது குருணை. எடம் இருக்கையில எதுக்குக் குருணை?

ஒரே ராத்திரியில முடிக்கணும்னு குந்தாத. ஒரு நாளைக்கு அஞ்சு தட்டுன்னா நாப்பது நாளு, ஒரு மண்டலம்கூட ஆகாது. தட்டைத் தொடைக்கையில நடுவுலருந்து ஓரத்துக்கு நேரா இழுத்துத் தொடை, ஒங்க அத்தை தோசைக்கல்லு தொடைக்கிற மாதிரி வட்டமாச் சுத்தாத. பளபளக்கிற பக்கம் கீறுனாக்கூட சமாளிச்சுரலாம், பேரு எழுதியிருக்கிற பக்கம் உரிஞ்சா போச்சு, பாட்டு அந்தத் தோலுக்கு அடியிலதான் இருக்கு. நீயே வீட்டுல எழுதுன தட்டு இருக்குல்ல, மேல ஸ்கெட்சுப் பேனாவுல பொம்பளப் புள்ளை பேரோட முத எழுத்து போட்டது, அதை மொதல்ல எடு. அதுல இருக்கிறது சாயம், வெயிலு பட்டா வெளுக்கும். படிக்க முடியாமப் போனதை எங்கிட்ட குடுத்துரு. சோளக்காட்டுல கயித்துல கட்டி விட்டா மின்னுறதைப் பாத்து குருவி எறங்காது. எழுத்தைப் பத்திக் குருவி கேக்காது, நானும் கேக்கலை.

பென்டிரைவு வாங்குறதுலயும் பெருசுக்கு ஆசைப்படாத. 32 ஜிபிக்குள்ள வாங்கு. அதை ஃபேட்32ன்னு ஃபார்மேட் பண்ணு, அநேகமா எல்லாக் காரும் ஏத்துக்கிற பொதுப் பாசை அது. 64, 128ன்னு வாங்குனா பலதும் எக்ஸ்ஃபேட்டுன்னு வேற பாசை பேசும். சில வண்டிக்குப் புரியும், சில வண்டி முழிக்கும், சிலது ரெண்டாயிரம் பாட்டையும் எண்ணி முடிக்கவே பாதி ஊரு தாண்டிரும். அப்பறம் ஓட்டை. ஒன் வண்டியில ரெண்டு மூணு ஓட்டை இருக்கும். மின்னல் போட்டிருந்தா பெரும்பாலும் அது சோறு மட்டும் போடும், பேசாது. சூலாயுதம் மாதிரி மூணு கெளை போட்டிருக்கு பாரு, அதுல சொருகு. எல்லாமே சின்ன வாயி ஓட்டையா இருந்தா அதுக்கு ஏத்த மாதிரி பென்டிரைவு கேட்டு வாங்கு. ஒன் வண்டிப் பொஸ்தகத்துலயே எல்லாம் போட்டிருப்பான். எங்க, பொஸ்தகத்தைப் பிரிச்சியா? பாலிதீன் கவருகூடக் கிழிக்கலையா? வெளங்கும்.

இனிமேதான் தொழில் ரகசியம். வரிசை.

ரேடியோ செட்டுக்காரன் பொழைப்பே வரிசையிலதான் இருக்கு மாப்ள. கொழாயைக் கட்டுனதும் சீர்காழி கோவிந்தராஜன் பிள்ளையார் பாட்டு. அது இல்லாம ஊசியைத் தூக்குனா ஊர்ப் பெருசுக கல்லைத் தூக்கும். முகூர்த்தத்துக்கு மேளக்காரர் வராம நேரமாச்சுன்னா காருகுறிச்சியார் நாதசுரத் தட்டு. சாப்பாட்டுப் பந்திக்குக் கொஞ்சம் ஓட்டமாப் பாடுற பாட்டு, அப்பதான் அடுத்த பந்திக்கு எடம் விடுவாய்ங்க. ராத்திரி திருவிழாவுக்கு திருவிளையாடல் கதைவசனம். ஒரு தரம் தூக்கக் கலக்கத்துல மாப்பிள்ளை அழைப்புக்கு சோகப் பாட்டுத் தட்டைப் போட்டுட்டேன். அந்த மாப்பிள்ளை இன்னைக்கும் என்னைப் பாத்தா, "நீங்க அன்னைக்கே சொன்னீங்க, எனக்குத்தான் புரியலை"ங்குறாரு.

கார் அப்படி யோசிக்காது. பல வண்டி நீ எந்த வரிசையில கொட்டுனியோ அந்த வரிசையில பாடும். சிலது பேரு வரிசையில பாடும். அதனால ஒவ்வொரு படத்துக்கும் ஒரு ஃபோல்டர் போட்டு, பாட்டுக்கு நம்பர் குடு. 1, 2ன்னு போடாத, 01, 02ன்னு போடு. இல்லேன்னா பத்தாம் நம்பர், பந்தியில முந்துறவன் மாதிரி ரெண்டுக்கு முன்னாடி எலையைப் போட்டு ஒக்காந்துரும். ஒவ்வொரு ஃபோல்டரா, வரிசை மாறாம ஏத்து. பேரைத் தமிழ்ல எழுதுனா பல வண்டிப் பலகையில வெறும் கட்டம் கட்டமா வரும், மொதல்ல ஒண்ணு ரெண்டு எழுதிப் பாத்துக்க. பாட்டுக்குள்ளேயே படம் பேரு, பாடுனவக பேரு எழுதி வைக்கிற எடமும் உண்டு, அதையும் நெரப்பு. இன்டர்நெட்டுல அதுவாவே வந்து நெரம்பும்னு சொல்லுவாய்ங்க. நம்ம பழைய படத்துக்கு எல்லாம் வராது, வந்தாலும் பி.பி. ஸ்ரீநிவாஸ் பாடுனதுக்கு வேற ஆளு பேரு வந்து நிக்கும். ஒக்காந்து கையால எழுது. பேரு வைக்கிறது சிரமந்தான். இளையராசாவே 1986ல ஒரு தொகுப்பைப் போட்டுட்டு 'ஹவ் டு நேம் இட்'டுன்னுதானே பேரு வச்சாரு.

ஒவ்வொரு தட்டா எடுத்துப் பேரு எழுதையில ஒனக்கே தெரியும், இருநூறுல எம்பதை நீ அந்தக் காலத்துல யாருக்காகவோ வாங்கியிருப்ப, நூத்தி இருபதைத்தான் ஒனக்காக வாங்கியிருப்ப. எம்பதை வண்டியில ஏத்தாத. பக்கத்து சீட்டுல பொண்டாட்டி ஒக்காருவா.

என்ன, எந்திரிச்சுட்ட? சொன்னதெல்லாம் மண்டையில ஏறுச்சா? எப்படி மாமா இம்புட்டும் தெரியுதுன்னு பாக்குறியா? கொஞ்சம் பொறு, சுருக்குப்பையை அவுத்துக்கிறேன். வெத்தலை, பாக்கு, பொகையிலை... இந்தா. என்னன்னு பாக்குற? பென்டிரைவுதான். 16 ஜிபி. என் செட்டுல இருந்த ரெக்கார்டு, கேசட்டு அம்புட்டையும் பேரன் ஒக்காந்து ஏத்திக் குடுத்தான். அந்த ஆறாவது பாட்டை அறுந்த எடத்துலயே அறுத்து வையின்னு சொன்னேன், அப்படியே வச்சிருக்கான். சுண்ணாம்பு பட்டிருக்கு, வேட்டியில தொடைச்சுக்கோ.

போ, வண்டியை எடு. சூலாயுதம் போட்டிருக்கிற ஓட்டையில சொருகு. மொதல்ல பிள்ளையார் பாட்டு வரணும், வரலைன்னா சொல்லு. ஏன் நானும் ஏறுறேன்னா கேக்குற? ஒனக்கு ஞாயம் சொல்லிக்கிட்டு இருந்ததுலதானே பத்தரை பஸ்ஸு போச்சு? இங்கனருந்து ஆண்டிபட்டி நாலு பாட்டு தூரம். அங்கன போனதும் என்னை எறக்கி விட்டுராத, எனக்குத் தேனியில ஒரு சோலி கெடக்கு. இன்னும் அஞ்சு பாட்டுத்தான். அந்தக் கூரை ஓட்டையைத் தெற மாப்ள, துப்புறதுக்கு இல்ல, பயப்படாத.